தோட்டைக் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி

கல்லும் கணக்கும் – வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் கீழக்கரைக்காரர்; ஊரில் 'காக்கா', அதாவது அண்ணன், என்று அழைப்பார்கள். இளவயதில் தகப்பனாரோடு கல் வியாபாரம். பிறகு இராமநாதபுரத்தில் 26 ஆண்டுகள் வங்கி நகை மதிப்பீட்டாளர்.)

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. மகள் நிக்காஹ்வுக்காகப் போன வருஷம் மதுரையில் ஒரு கடையில் ஏழுக்கல் வைரத் தோடு எடுத்தோம். விலை 2,10,000 ரூபாய். துபாயில் இருக்கும் மகன் 1,20,000 ரூபாயைக் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினான். மீதி 90,000 ரூபாயை நான் ரொக்கமாகக் கொடுத்தேன். "முழுசுக்கும் பில் போட்டா ஜி.எஸ்.டி. ஏறும்மா" என்று சொல்லி 1,20,000-க்கு மட்டும் பில் போட்டார். மிச்சத்துக்கு ஒரு எஸ்டிமேட் சீட்டு. போன மாதம் திருகாணி சரியில்லை என்று ராமநாதபுரத்தில் வேறொரு கடையில் காட்டினோம். கல்லைப் பார்த்தவர், "இது சிவிடி கல்லு, லேப்ல வளர்த்த வைரம் மாதிரி தெரியுதே, என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போனது. வாங்கின கடைக்குப் போன் செய்தால், "அவனுக்கு வயித்தெரிச்சல். நீங்க தோட்டைக் கொண்டாங்க, கழட்டிப் பார்த்து சரி பண்ணித் தாரேன்" என்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் இவருக்கு இன்னும் சொல்லவில்லை. பில், சீட்டு இரண்டின் நகலும் வைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: வஅலைக்கும் ஸலாம், தங்கச்சி. கொடுக்கக் கூடாது. மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். தோடு இன்றைக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். திருகாணி ஆடினாலும் ஆடட்டும், மகள் வேறு தோடு போட்டுக்கொள்ளட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உச்சிப்புளிப் பக்கம் ஒரு வாத்தியார் இருந்தார். மனைவியின் நெக்லஸில் கல் சந்தேகம் என்று வாங்கின கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்ததற்கு ஒரு சீட்டுகூட வாங்கவில்லை, தெரிந்த கடை. "சூரத்துக்கு அனுப்பியிருக்கோம் சார்" என்றே பதினோரு மாதம் ஓடியது. கடைசியில் நெக்லஸ் பளபளவென்று திரும்பி வந்தது. அதில் இருந்தது பழைய கல்லா, புதுக் கல்லா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். வாத்தியாரிடம் ஒரு போட்டோகூட இல்லை. என்னிடம் வந்து, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாமல் நான் எதைப் பார்த்து எதைச் சொல்வது? கல் களவுக்கு உள்ள ஒரே சாட்சி கல்தான், தங்கச்சி. அதை எதிராளி வீட்டில் கொண்டுபோய்க் குடி வைக்கலாமா?

உங்கள் நகல்கள் இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பில்லில் "18 காரட், காதணி 1 ஜோடி, 6.200 கிராம், ஸ்டோன் 1.40" என்று அச்சில் இருக்கிறது. ஸ்டோன்! வைரம் என்ற சொல்லே இல்லை. ஆனால் எஸ்டிமேட் சீட்டில் அதே கடைக்காரர் கையால், "டயா 1.40, ஈ-எஃப், விவிஎஸ்" என்று எழுதியிருக்கிறார். நீங்கள் தூக்கி எறியாமல் வைத்திருக்கிற அந்த மஞ்சள் துண்டுச் சீட்டுதான் இப்போது பில்லைவிடப் பெரிய ஆவணம். டயா என்றால் டயமண்ட். ஈ-எஃப் என்பது நிறமற்ற உயர்ந்த தரம். விவிஎஸ் என்றால் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டிய சுத்தம். வாயால் சொன்னதை மறுக்கலாம். கையெழுத்தை மறுப்பது அவ்வளவு லேசு இல்லை. சீட்டை இன்றே போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பிவையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். நம் ஊரில் முக்கியமான காகிதம் என்றாலே லேமினேஷன் கடைக்கு ஓடுகிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கல் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம் (தங்கத்தின் 18 காரட் தூய்மைக் கணக்கு, அது வேறு). 1.40 காரட் கல்லின் எடை 0.28 கிராம். தோட்டின் மொத்த எடை 6.200 என்றால், தங்கம் 5.920 தான். சீட்டில் தங்கத்துக்கு 6.200-க்கும் காசு போட்டிருக்கிறார். அதாவது கல்லுக்கு வைர விலையும் வாங்கி, அதே கல்லுக்குத் தங்க விலையும் வாங்கியிருக்கிறார். ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) விதி. இந்தக் கால் கிராம் சொச்சம் பெரிய பணமில்லை. ஆனால் ஒரு வியாபாரியின் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தராசைவிட இது நன்றாகக் காட்டும்.

இனி அந்த 'சிவிடி'. ஆய்வகத்தில் கரி கலந்த வாயுவிலிருந்து படலம் படலமாக வளர்க்கிற வைரத்தின் ஒரு வகை அது. சில வாரங்களில் வளர்ந்துவிடும். கண்ணாடி இல்லை, அமெரிக்கன் டைமண்டும் இல்லை. அதுவும் சுத்தமான கரிதான், வைரம்தான். 2023-ல் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்ததே 7.5 காரட் ஆய்வக வைரம்தான். அதனால் அந்தக் கல்லைப் போட்டுக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை. குறைவெல்லாம் விலையில். பூமியில் விளைந்த கல்லின் விலையில் அது ஒரு சிறு பங்குதான் போகும். மறுவிற்பனைக்குப் போனால் அதுவும் தேறாது. நாளைக்குக் கடைக்காரர், "வைரம்னு சொன்னேன், வைரத்தத்தானே கொடுத்தேன்" என்பார். அந்த வார்த்தைக்கு மயங்கிவிடாதீர்கள். பண்ணையில் வளர்த்த இறாலைக் கடல் இறால் என்று சொல்லிக் கடல் விலை வாங்கினால் நம் ஊரில் விடுவார்களா? இரண்டும் இறால்தான். இயற்கைக் கல்லா, வளர்த்த கல்லா என்பதை மறைத்து விற்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு நியாயமற்ற வணிக நடைமுறை என்று பெயர்.

ஆனால் இது சிவிடிதான் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ராமநாதபுரத்துக் கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொன்னார். இயற்கை வைரத்தையும் வளர்த்த வைரத்தையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. லென்ஸ் வைத்தாலும் முடியாது. நானும் சொல்ல மாட்டேன். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், அல்லது உங்களைத் தன் கடைக்கு இழுக்க நினைத்திருக்கலாம். மதுரைக்காரர் சொல்கிற 'வயித்தெரிச்சலும்' உலகத்தில் இல்லாத ஒன்றல்ல. ஆகவே நேராக ஆய்வகம்தான். ஐ.ஜி.ஐ. போன்ற வைர ஆய்வகங்களில் கருவி வைத்துப் பிரித்துச் சொல்வார்கள். தோட்டைக் கழற்றாமலேயே கொடுங்கள். பதித்த கல்லில் தரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்கு வேண்டியது தரமில்லை, பிறப்பு. முக்கியமாக, இரண்டு தோட்டிலும் உள்ள பதினான்கு கல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து இயற்கைக் கல்லோடு நாலு வளர்த்த கல்லைக் கலந்துவிடுகிற வேலை பத்துச் சென்ட், அஞ்சு சென்ட் (ஒரு சென்ட் என்பது காரட்டில் நூறில் ஒரு பங்கு) பொடிக்கற்களில்தான் அதிகம் நடக்கிறது. ஒரு கல்லை மட்டும் சோதித்து 'நல்லது' என்று வந்துவிட்டால், நீங்களே அவருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது போலாகும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்லை, கடைக்காரருக்குப் பணிவாக ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: "அண்ணே, இன்ன தேதியில் உங்களிடம் எடுத்த ஏழுக்கல் தோடு. 14 கல்லும் இயற்கை வைரம்தானே, 1.40 காரட்தானே? மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள்." இவ்வளவு போதும். 'ஏமாத்திட்டீங்க' என்ற சொல்லே வேண்டாம். "ஆமாம்மா, ஒரிஜினல்தான்" என்று அவர் ஒரு வரி தட்டினால் உங்கள் பாதி வேலை முடிந்தது. பதிலே வராவிட்டாலும், நீங்கள் கேட்டதும் அவர் பார்த்ததும் அதில் பதிவாகி நிற்கும். என் வாப்பா கொழும்பில் கல் விற்ற காலத்தில் சொல்வார், கோபக்காரன் கடைப்படி ஏறினால் வியாபாரிக்குச் சந்தோஷம் என்று. அவன் கத்தக் கத்த, இவன் எதையும் ஒப்புக்கொள்ளாமலே பொழுதை ஓட்டிவிடலாம்.

தோட்டில் ஹால்மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிராமுக்கு மேற்பட்ட தங்க நகையென்றால் கட்டாயம் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். முத்திரை, 18 காரட்டுக்கு 750 என்ற எண், பிறகு ஹெச்.யு.ஐ.டி. என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த, நகைக்கு நகை மாறுகிற ஆறு இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் விற்கவே கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டால் எந்த நகை, எந்தத் தூய்மை, யார் பதிவில் முத்திரை வாங்கியது எல்லாம் வரும். சில நேரம் கடைக்காரர் பெயர் வராமல் அவருக்குச் செய்து கொடுத்த மொத்த வியாபாரியின் பெயர் வரலாம். அதற்காகப் பதற வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ஹால்மார்க் தங்கத்துக்கு. கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. "ஹால்மார்க் போட்ட வைரம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

அறிக்கையில் வளர்த்த கல் என்று வந்துவிட்டால் ஒரு கடிதம். பில், சீட்டு, பணம் போன விவரம், ஆய்வக எண், 'முழுப் பணத்தையும் 15 நாளில் திருப்பித் தரவும்' – ஒரு பக்கம் போதும். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே சட்டப்படி தவறு, அதனால் அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; புதுச் சட்டம் கொடுத்த பெரிய சலுகை அது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் உங்கள் விருப்பம். வேண்டுமானால் ஆணையமே நகையை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு ஒரு வருஷம் ஏற்கெனவே போய்விட்டது. போலீஸுக்கும் போகலாம்தான், மோசடி மோசடிதான். ஆனால் ஸ்டேஷனில் 'ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க' என்பதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

அந்த 90,000 விஷயத்தை மறைக்காதீர்கள். பில் போடாததால் அன்றைக்கு உங்களுக்கு மிச்சமானது 3 சதவீதம், 2,700 ரூபாய். அந்த 2,700-க்காக 90,000 ரூபாயின் சாட்சியை விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, நம் கடற்கரையில் முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம்தான். புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ரொக்கத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று பாஸ்புக்கில் தேடிப் பாருங்கள். கடைக்குப் போன தேதிக்கு ஒட்டி ஒரு வரி இருந்தால் சீட்டுக்கு அது துணை நிற்கும்.

சமாதானத்துக்கு வந்தால் வரட்டும். 'அதே விலைக்கு வேறு நகை எடுத்துக்கங்க' என்பார். எடுக்காதீர்கள், செய்கூலி, சேதாரம் என்று மறுபடி ஒரு சுற்று சுற்றுவார். பணம் வங்கிக் கணக்கில் ஏறின குறுஞ்செய்தி வந்த பிறகு, அதே மேசையில், அதே நேரத்தில் தோட்டைக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எப்படியும் மகனிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்கத்தான் வேண்டும். துபாய்க்குப் போன செய்தி கீழக்கரைக்குத் திரும்பி வர எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்கா தெரியாது?

கேள்வி: ஐயா, டெஸ்டர் பேனா ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். கல்லில் வைத்தால் பச்சை விளக்கு எரிந்து 'கீங்' என்கிறது. அப்படியானால் வைரம்தானே?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: வைரமாகவும் இருக்கலாம், மோய்சனைட் என்கிற, வைரம் போல மின்னும் செயற்கைக் கல்லாகவும் இருக்கலாம். அந்தப் பேனா பார்ப்பது கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான். மோய்சனைட்டும் அந்தப் பேனா ஏமாறுகிற அளவுக்குச் சூட்டைக் கடத்தும். வளர்த்த வைரத்துக்கோ சந்தேகமே இல்லாமல் பச்சை எரியும். அமெரிக்கன் டைமண்டைப் பிடிக்க அது உதவும், அவ்வளவுதான். மோய்சனைட் சந்தேகமானால் லென்ஸ் வழியாகக் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பின்பக்கத்துப் பட்டைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் வைரமில்லை.

கேள்வி: பாட்டியின் பழைய புளூ ஜாகர் வைரத் தோட்டைப் புதுக் கட்டடத்தில், அதாவது கல்லைப் பதிக்கிற புதுத் தங்கச் சட்டத்தில், மாற்றக் கொடுக்க வேண்டும். கல்லை மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, ஐயா.
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: பயம் நியாயமானதுதான், அம்மா. ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டீன் சுரங்கத்தின் பெயர் தேய்ந்து வந்தது. உங்கள் பாட்டி தோட்டில் இருப்பது உண்மையில் அந்தச் சுரங்கத்துக் கல்தானா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பழைய வெட்டா என்று நீங்களே பார்க்கலாம். கல்லை நேர் மேலிருந்து லென்ஸில் பாருங்கள். நட்ட நடுவில் சின்ன வட்டம் ஒன்று, துளை போட்ட மாதிரி தெரிகிறதா? அந்தக் காலத்தில் கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாகச் சீவிவிடுவார்கள். அதுதான் அப்படித் தெரிகிறது. இன்றைய வெட்டில் பெரும்பாலும் அது இருக்காது. ஒவ்வொரு கல்லையும் அப்படிப் போட்டோ எடுத்து வைத்துவிட்டால், மாற்றிக் கொடுத்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். பத்தர் பழைய கட்டடத்திலிருந்து கல்லைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். பிரித்த கல்லை உங்கள் கண் முன்னால் காரட் தராசில் நிறுத்து, எண்ணிக்கையும் எடையும் எழுதி, அவர் கையெழுத்தை வாங்குங்கள். முகம் கோணினால் வேறு பத்தரைப் பாருங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் 'நம்ம கடல் முத்து' என்று 600 ரூபாய்க்கு மாலை வாங்கினேன். உண்மையா?
– வாசகி, பரமக்குடி

பதில்: மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். மிச்சத்தை 600 ரூபாயே சொல்லும். பல்லில் லேசாக உரசிப் பாருங்கள். மணல் போல நரநரத்தால் முத்துதான், பெரும்பாலும் சீனாவில் நன்னீர்ச் சிப்பியில் வளர்த்தது. வழுக்கினால் பாசிமணி. எதுவானாலும் அழகாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனை வருஷம் வங்கியில் அப்ரைசராக இருந்தீர்களே காக்கா, அடகு வைக்க வந்தவர்களின் கல் போலி என்று தெரிந்தால் அவர்களிடம் சொல்வீர்களா?
– ஒரு வாசகர், ஏர்வாடி

பதில்: வங்கியில் கல்லுக்குக் கடன் கிடையாது தம்பி. வைரமோ கண்ணாடியோ, அதன் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்புப் போடுவோம். அதனால் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததே இல்லை. அதை ஒரு வசதியாக வைத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

2008 வாக்கில் வாலிநோக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மீன்பிடித் தடைக்காலம், வல்லத்துக்கு இன்ஜின் வேலை. ஒரு சங்கிலியோடு எட்டுக்கல் பேசரி மூக்குத்தியையும் கழற்றி வைத்தார். "அவுக உசுரோட இருக்கையில வாங்கிக் கொடுத்த வைரம், இருவது வருஷமாச்சு, பத்திரமா வைங்க" என்றார். லென்ஸில் பார்த்தேன். எட்டுக் கல்லிலும் பட்டையின் முனை மழுங்கி, மேலே நுணுக்கக் கீறல். மூக்கில் போட்ட வைரம் இருபது வருஷத்தில் இப்படி மழுங்காது. அமெரிக்கன் டைமண்ட். அந்த மனிதர் ஏமாந்தாரா, தெரிந்தேதான் வாங்கினாரா, கேட்க ஆளில்லை. 'கல் நீக்கி நிகர எடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆவணியில் வந்து மீட்டார். கவுண்டர் பக்கத்துக் கண்ணாடிக் கதவில் பார்த்தே பேசரியைத் திருகிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார். "சரியா இருக்கும்மா" என்றேன்.